பெரிய டயர் போட்ட பொலீரோ: மீட்டரைத் திருத்தறதா, அப்படியே விடறதா?

நவம்பர் 8, 2025, சாயங்காலம்

அந்தியூர்ப் பக்கத்துத் தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார். அவர் எழுதினது அப்படியே கீழ:

"ஏனுங்ணா, பொலீரோவுக்குக் கம்பெனி டயர் 215/75 ஆர்15 தேஞ்சு வழுக்கையாயிருச்சு. மாத்தறது மாத்தறோம்னு 235/75 ஆர்15 போட்டுட்டேன். வண்டி எடுப்பா நிக்குது, தோட்டத்துத் தடத்துல கல்லு மேல ஏறுனாலும் அடி தட்டறதில்லை. ஆனா மீட்டர் கெட்டுப் போச்சுங்ணா. எனக்கு 80 காட்டறப்ப, பின்னாலயே வந்த மச்சான் ஸ்விஃப்ட்ல 84 காட்டுது. கிலோமீட்டரும் முன்ன மாதிரி ஏறறதில்லை. சென்சார் ஒயர்ல ஒரு பெட்டி மாட்டினாச் சரியாயிரும், ஆறாயிரம் ஆகும்னு எலக்ட்ரீசியன் சொல்றார். மாட்டட்டுங்களா?"

அதுக்குக் கீழயே இன்னொருத்தர்: "பெரிய டயர்னா வெசையாச் சுத்தும், மீட்டர் அதிகமாத்தான் காட்டும். கம்மியாக் காட்டுதுன்னா சென்சார் போயிருச்சு, மாத்துங்க."

சென்சார்க்காரரே, சித்தெ பொறுங்க. இப்படியே விட்டா இன்னும் ரெண்டு பதில்ல டேஷ்போர்டையே கழட்டச் சொல்லிருவீங்க போல. பட்டறையைச் சாத்திட்டு வந்து எழுதறேன்.

நவம்பர் 8, ராத்திரி

டயர் பக்கத்துல இருக்கற எழுத்தைப் படிச்சாப் பாதி வேலை முடிஞ்சுது. 215ங்கறது அகலம், மில்லிமீட்டர்ல. 75ங்கறது பக்கச்சுவர் உயரம், அந்த அகலத்துல 75 சதவீதம். 15ங்கறது ரிம்மோட விட்டம், அங்குலத்துல. ரிம் 381 மி.மீ., பக்கச்சுவர் மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு 322.5 மி.மீ. ஆக மொத்தம் 703.5. இதே கணக்கை 235/75க்குப் போட்டா 733.5 வருது. ஒண்ணை ஒண்ணால வகுத்தா 1.0426. ஒரு சுத்துக்கு வண்டி முன்னைவிட 4.26 சதவீதம் கூடுதலா நகருது.

மீட்டருக்கு ரோடு தெரியாது. சக்கரத்தையோ கியர்பாக்ஸ் தண்டையோ எண்ணுது, அவ்வளவுதான். சக்கரம் பெருசாச்சுன்னா அதே தூரத்துக்குச் சுத்து குறையும், முள்ளு கீழதான் நிக்கும். அதனால சென்சார் நல்லாத்தான் இருக்குது, அதை விட்ருங்க.

அப்ப மீட்டர்ல 80னா நிஜத்துல 83.4. மச்சான் மீட்டர் 84. கணக்கு அச்சாப் பொருந்துதுன்னு தம்பிக்குத் தோணும். பொருந்தலைங்க. ஏன்னா, புது வண்டியில கம்பெனிக்காரன் மாட்டி அனுப்பற மீட்டரே நிஜ வேகத்தைக் காட்டறதில்லை. காலையில எழுதறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

பல நாட்டுல செல்லுபடியாகற ஐ.நா. ஒழுங்குமுறை ஒண்ணு இருக்குது, எண் 39. ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்தைவிட ஒரு புள்ளிகூடக் கம்மியாக் காட்டக்கூடாது. அதிகமாக் காட்டலாம், அதுக்கும் வரம்பு உண்டு: நிஜ வேகத்துல பத்துல ஒரு பங்கு, அதோட ஒரு 4 கி.மீ. நிஜத்துல 80ல போற வண்டி 92 வரைக்கும் காட்டினாலும் பாஸ்தான். 79 காட்டினா ஃபெயில்.

இப்படி ஒரு பக்கம் சுவரு, மறுபக்கம் திறந்த வெளின்னு விட்டா எந்தக் கம்பெனிக்காரன் சுவத்தோரமா நடப்பான்? நாலஞ்சு சதவீதம் கூட்டியே காட்டற மாதிரி செஞ்சு வெச்சிருவான். டயர் புதுசா இருந்தாலும் சரி, தேஞ்சு இருந்தாலும் சரி, முள்ளு கீழ இறங்கவே கூடாது. "உங்க மீட்டர் 80 காட்டுச்சு, போலீஸ் கேமரா 84ங்குது"ன்னு ஒருத்தனும் கேஸ் போட முடியாதில்லீங்களா.

இதை வெச்சு மறுபடி பாருங்க. மச்சான் ஸ்விஃப்ட் கம்பெனி டயர்ல ஓடுது, 84 காட்டுது. அதுல அஞ்சு சதவீதம் கழிச்சா நிஜம் 80. தம்பி பொலீரோவும் முன்ன அதே மாதிரி கூட்டித்தான் காட்டியிருக்கும். டயர் 4.26 சதவீதம் பெருசானதுல அந்தக் கூட்டல் கரைஞ்சு போச்சு. அவர் மீட்டர் 80னு காட்டறது ஏறத்தாழ 80தான்.

மச்சானை நம்பி ஆறாயிரம் செலவு பண்றது நம்ம சீமையில புதுசில்ல. இருந்தாலும் ஒருக்கா அளந்து பாத்துட்டுச் செய்யுங்க.

எப்படி அளக்கறதுன்னா, பெருந்துறை தாண்டி விஜயமங்கலம் பக்கம் தேசிய நெடுஞ்சாலை 544ல (பழைய 47) நேரா, சமமா, மரம் மறைக்காத இடமாப் பாருங்க. முள்ளை 80ல அரை நிமிஷம் அசையாமப் பிடிங்க. போன்ல ஜி.பி.எஸ். வேகம் காட்டற ஆப்பைப் பக்கத்துல உக்காந்திருக்கறவர் படிக்கணும், ஓட்டறவர் இல்ல. ஜி.பி.எஸ். ஒரு ரெண்டு விநாடி பின்தங்கித்தான் வரும், அதனால ஆக்சிலேட்டரை ஏத்தி இறக்கிட்டே படிச்சா எண்ணு உதவாது. போன் பிடிக்கலைன்னா கிலோமீட்டர் கல்லு இருக்குது. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் 45 விநாடின்னா 80, ஐம்பதுன்னா 72. 3,600ஐ விநாடியால வகுத்தா வேகம். அப்பாரு காலத்துல கைக்கடிகாரத்தை வெச்சு இப்படித்தான் பாத்தாங்க.

நவம்பர் 9, மதியம்

"வால்பாறை போனப்ப ஆழியாறுல இருந்து ஆப் காட்டின தூரம் வண்டி காட்டினதைவிடக் கம்மி, அப்ப வண்டி மீட்டர் அதிகமா ஓடுதா?"ன்னு பொள்ளாச்சியில இருந்து கேள்வி.

அந்த 40 கொண்டை ஊசி வளைவுல ஆப்பை நம்பாதீங்க. அது விநாடிக்கு ஒருக்காவோ இன்னும் தாமதமாவோ புள்ளி வெச்சு, புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு போடுது. வளைவை எல்லாம் குறுக்கால வெட்டிட்டுப் போயிரும், தூரம் குறையும். மரத்தடியில சிக்னல் தவ்வறது வேற. சரிவுனாலயோன்னு இன்னொருத்தர் கேட்டார். நூறுக்கு ஏழு ஏறற சாலையில, மேப்புல படுக்கையா அளக்கற தூரத்துக்கும் ஏறிப் போற தூரத்துக்கும் வித்தியாசம் கால் சதவீதம்தான் வரும். வளைவுதான் காரணம்.

நவம்பர் 11

தம்பி அளந்துட்டு வந்துட்டார். மீட்டர் 80, போன் 79. மீட்டர் 100, போன் 99. மச்சான் வண்டியிலயும் உக்காந்து பாத்திருக்கார், அதுல 84, போன் 80. "மச்சான் இப்ப என்கூடப் பேசறதில்லைங்ணா"ன்னு எழுதியிருக்கார்.

ஆனா ஒரு மடக்குக் கேள்வி சேத்துப் போட்டிருக்கார். "முன்ன 100 ஓடற வழி இப்ப 94தான் ஓடுது. உங்க 4.26 சதவீதத்துக்கு 96ல்ல வரணும்? மிச்ச ரெண்டு எங்க போச்சு?"

நல்ல கேள்வி, ரோசனை பண்ண வெச்சுட்டார். விடை அவர் முதல் வரியிலயே இருக்குது: "தேஞ்சு வழுக்கையாயிருச்சு." புது டயர்ல வரி ஆழம் 8 மி.மீ. பக்கம் இருக்கும். தேஞ்சு 1.6 மி.மீ.க்கு வந்துட்டா மாத்தணும், அதுக்குத்தான் வரிக்குள்ள அடையாளக் கட்டை வெச்சிருக்கான். எட்டு ரெண்டாத் தேஞ்சதுன்னா விட்டத்துல 12 மி.மீ. போச்சு. அவர் கழட்டிப் போட்ட டயர் 703.5 இல்ல, 691 பக்கம். அதுக்கும் புது 733.5க்கும் வித்தியாசம் ஆறு சதவீதம். நூறு 94 ஆகறது சரிதான்.

இதுல இருந்து இன்னொண்ணும் தெரியுது. சைஸே மாத்தாதவருக்கும் புது டயருக்கும் வழுக்கை டயருக்கும் நடுவுல மீட்டர் ஒண்ணே முக்கால் சதவீதம் ஊசலாடும். "பாயிண்ட் அளவு திருத்தித் தரோம்"னு யாராவது சொன்னா, எந்த டயர்ல, எத்தனை மாசத்துக்குன்னு கேளுங்க.

நவம்பர் 11, பொழுது போனப்புறம்

ஒரு பொறியியல் மாணவர் பையை (π, அதான் 3.14) பிடிச்சுக்கிட்டு வந்தார். 703.5ஐ பையால பெருக்கினா சுற்றளவு 2,210 மி.மீ.ன்னு.

காத்துல தொங்கற டயருக்கு அது சரி கண்ணு. பாரம் ஏறி ரோட்டுல நிக்கற ரேடியல் டயர் அடியில தட்டையாகுது, உருள்றப்ப அத்தனை தூரம் போகாது. விட்டத்தை 3.05 ஆல பெருக்கறது டயர்க்காரங்க வழக்கம். அப்படிப் பாத்தா 2,146. கிலோமீட்டருக்கு 466 சுத்து. பெரிய டயருக்கு 2,237, கிலோமீட்டருக்கு 447 சுத்து. நீங்க பை போட்டாலும் சரி, 3.05 போட்டாலும் சரி, ரெண்டையும் வகுத்தா அதே 1.0426தான். சதவீதம்தானே நமக்கு வேணும்.

நவம்பர் 13

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம். எல்லாரும் "மீட்டர்"னு ஒரே பேர்ல சொல்றோம், உள்ள இருக்கறது ரெண்டு ஆளு. வேகம் காட்டற முள்ளு ஒண்ணு, கிலோமீட்டர் எண்ற ஓடோமீட்டர் ஒண்ணு. முள்ளு கூட்டிக் காட்டும்னு மேல எழுதினேன். ஓடோமீட்டர் அப்படி இல்லைங்க. கம்பெனி டயர்ல அது பெரும்பாலும் நிஜத்தை ஒட்டித்தான் ஓடும். வாரண்டி, சர்வீஸ், பழைய வண்டி விலை எல்லாம் அதை வெச்சுத்தான். அதுல கூட்டிக் காட்டினா ஊரே கேள்வி கேக்கும்.

அதனால பெரிய டயர் போட்டா நடக்கறது விசித்திரம். முள்ளு உண்மைக்குக் கிட்ட வருது, ஓடோமீட்டர் உண்மையை விட்டு விலகிப் போகுது. இப்ப ஆறாயிரத்துப் பெட்டியை மாட்டி 4.26 சதவீதம் கூட்டுங்க. ஓடோமீட்டர் சரியாயிரும், முள்ளு பழையபடி 76க்கு 80னு காட்டும். இல்ல, முள்ளு ஜி.பி.எஸ்.ஸோட ஒத்து நிக்கட்டும்னு விட்டா ஓடோமீட்டர் நூத்துக்கு 96. பெட்டி சென்சார் அனுப்பற மின்துடிப்பை, அதான் பல்ஸைத்தான் பெருக்குது. ஒரே பல்ஸ்தான் ரெண்டு பேருக்கும் போகுது. ஒருத்தரைத் திருத்தினா இன்னொருத்தர் கெட்டார்.

பழைய கேபிள் மீட்டர்ல இந்தத் தொல்லை இல்லைங்கறதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். ஜெர்மனிக்காரர் ஓட்டோ ஷுல்ட்சே 1902ல காப்புரிமை வாங்கின அமைப்பு அது. கியர்பாக்ஸ்ல இருந்து வர்ற கேபிள் ஒரு காந்தத்தைச் சுத்துது. காந்தத்தைச் சுத்தி அலுமினியக் கிண்ணம், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடாது. காந்தம் சுத்தறப்ப கிண்ணத்துல மின்சாரம் சுழிச்சு, கிண்ணத்தையும் கூட இழுக்குது. ஒரு மெல்லிசான ஹேர்ஸ்பிரிங் அதைப் பிடிச்சு நிறுத்துது. இழுப்பும் பிடிப்பும் சமமாகற இடத்துல முள்ளு நிக்குது. ஓடோமீட்டருக்குக் காந்தமே வேண்டாம், அதே கேபிள்ல இருந்து பல்சக்கரம் வழியா எண் உருளைக்கு நேரா ஓட்டம்.

ஆக, கியர்பாக்ஸ்ல கேபிளைச் சுத்தற சின்னப் பல்சக்கரம், அதான் பினியன், அதை மாத்தினா முள்ளும் ஓடோமீட்டரும் சேர்ந்து மாறும். காந்தத்தை ஏத்தி இறக்கினாலோ ஸ்பிரிங்கைத் தொட்டாலோ முள்ளு மட்டும் மாறும். பினியன்ல ஓடோமீட்டரைச் சரி பண்ணு, காந்தத்துல முள்ளைச் சரி பண்ணு, முடிஞ்சுது. மீட்டர் ரிப்பேர்க்காரங்க இதைப் பேப்பர் கணக்கு இல்லாமயே செஞ்சாங்க. காந்தம் வயசாகித் தளர்ந்தா முள்ளு கம்மியாக் காட்டும், ஸ்பிரிங் தளர்ந்தா அதிகமாக் காட்டும். முள்ளு ஆடற ஆட்டத்தைப் பாத்தே எதுன்னு சொல்லிருவாங்க.

நவம்பர் 14

பினியன் பத்திக் கேட்டவங்களுக்கு. எனக்குக் கோயமுத்தூர் கணபதியில பல்சக்கரம் வெட்டற சின்னப் பட்டறை. பம்ப்செட், கிரைண்டர் வேலைதான் அதிகம், எப்பவாவது ஜீப்காரங்க வருவாங்க. டயர் மாத்திட்டு, டிரான்ஸ்ஃபர் கேஸ்ல (ஃபோர் வீல் டிரைவ் வண்டியில கியர்பாக்ஸுக்கு அடுத்தாப்ல இருக்கற பல்சக்கரக் கூடு) இருக்கற ஸ்பீடோமீட்டர் பினியனைக் கையில வெச்சுக்கிட்டு "இதுல ஒரு பல்லு கம்மியா"ம்பாங்க.

கம்மியாத்தான் வேணும். பெரிய டயர்னால தண்டு மெதுவாச் சுத்துது, கேபிள் வெசையாச் சுத்தணும்னா தண்டுகிட்ட இருந்து ஓட்டத்தை வாங்கற பினியன்ல பல்லு குறையணும். 20 பல்லை 19 ஆக்கினா 5.26 சதவீதம் கூடும். 23ஐ 22 ஆக்கினா 4.55. நடுவுல நிக்கற பேச்சே இல்ல, பல்லு முழு எண். 4.26 வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னவர்கிட்ட "அரைப் பல்லு வெட்டற மெஷின் இன்னும் வாங்கலைங்க"ன்னுதான் சொன்னேன்.

சிக்கல் அங்க இல்ல. பல்லு குறைஞ்சா பினியன் விட்டம் குறையும், ஆனா ரெண்டு தண்டுக்கும் நடுவுல இருக்கற தூரம் ஹௌசிங்ல குடைஞ்சது, மாறாது. ஒரு பல்லு வித்தியாசம்னா வெட்டறப்பவே வெளிவிட்டத்தைச் சித்தெ கூட்டி விட்டுச் சமாளிக்கலாம். மூணு பல்லுன்னா முடியாது, பல்லு நுனி மட்டும் உரசிக்கிட்டுக் கொஞ்ச நாள்ல மொட்டையாயிரும். அதோட இது சாய்பல்லு. சாய்வு கோணத்தைப் பழைய பினியன்ல அளந்து வாங்காம வாயில சொல்ற அளவுக்கு வெட்டித் தர்றவன்கிட்டப் போகாதீங்க.

என்ற ஜீப்புக்கு டெல்ரின்ங்கற கெட்டிப் பிளாஸ்டிக்ல வெட்டிப் போட்டேன். நைலானும் போடலாம், ஆனா அது ஈரம் குடிச்சு வீங்கும், மழைக்காலத்துல இறுக்கும். பித்தளையில கேட்டவங்களுக்கு வேண்டாம்னு சொல்லிருவேன். ஏதாவது இறுகினா உடையற பொருள் பினியனா இருக்கட்டும். அது உடைஞ்சாச் செலவு கம்மி, எதிர்ப்பல்லு உடைஞ்சா கேஸையே பிரிக்கணும்.

மீட்டரைக் கழட்டி மேஜை மேல சோதிக்கணும்னா ஒரு எண்ணை ஞாபகம் வெச்சுக்குங்க. ஜப்பான் தரத்துல கேபிள் கிலோமீட்டருக்கு 637 சுத்து. நிமிஷத்துக்கு 637 சுத்து சுத்த விட்டா முள்ளு 60ல நிக்கணும். வேகம் கட்டுப்படுத்தற டிரில்லும் சுத்து எண்ற மீட்டரும் இருந்தா வீட்டுலயே பாக்கலாம். எல்லா மீட்டரும் 637 இல்ல, டயல் அடியில பொடி எழுத்துல போட்டிருக்கான்னு பாத்துட்டுச் செய்யுங்க. டிரில்லைத் தலைகீழாச் சுத்த விட்டுட்டு முள்ளு வரலைன்னு என்னைக் கூப்பிடாதீங்க.

நவம்பர் 15

திருப்பூர் அக்கா ஒருத்தர்: ஸ்விஃப்ட்ல 14 அங்குல ரிம்மை எடுத்துட்டு 15 அங்குல அலாய் போட்டாங்களாம், மீட்டர் எவ்வளவு தப்பும்?

ரிம் பெருசானா சக்கரம் பெருசாகணும்னு இல்லைங்க அக்கா. 165/80 ஆர்14 விட்டம் 619.6. உசந்த மாடல்ல கம்பெனியே போடற 185/65 ஆர்15 விட்டம் 621.5. வித்தியாசம் 0.3 சதவீதம், ஒண்ணும் செய்ய வேண்டாம். ஆனா கடையில "இதுவும் 15தான்"னு 195/65 போட்டு விட்டிருந்தா 634.5, ரெண்டரை சதவீதம் பக்கம் போகும். டயர்ல எழுதினதைப் படிச்சுட்டு எழுதுங்க.

நவம்பர் 15, ராத்திரி

அக்கா படிச்சுட்டாங்க. 185/65தானாம். நிம்மதி.

நவம்பர் 16

பைக்காரங்க கூட்டமா வந்துட்டாங்க. சுருக்கமா: கேபிள் முன்சக்கரத்துல இருந்து வருதுன்னா பின்டயரை எத்தனை பெருசாப் போட்டாலும் மீட்டருக்குத் தெரியாது, ஸ்பிராக்கெட் (செயின் ஓடற பல்சக்கரம்) மாத்தினாலும் தெரியாது. சென்சார் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கற வண்டியில பின்டயர், ஸ்பிராக்கெட் ரெண்டும் மீட்டரைத் தொடும். உங்களுது எதுன்னு குனிஞ்சு பாருங்க.

நாமக்கல்ல இருந்து ஒரு டிரைவர் அண்ணன் கேட்டது இதைவிட முக்கியம். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை 80க்குக் கட்டின வண்டியில பெரிய டயர் போட்டா? அதே சிக்னலை வெச்சுத்தான் அதுவும் கணக்குப் போடுது. டயர் நாலு சதவீதம் கூடினா கருவி 80னு நினைக்கறது நிஜத்துல 83. கார்ல 2019 ஜூலைக்கு அப்புறம் வந்ததுல 80 தாண்டினா விட்டு விட்டு, 120 தாண்டினா விடாமக் கத்துதே, அதுவும் மீட்டர் சொல்றதைக் கேட்டுத்தான் கத்துது.

சட்டம் பத்தி யாரும் கேக்கலை, நானே சொல்லிர்றேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துல இருந்து மாறற மாதிரி வண்டியை மாத்தக்கூடாதுங்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொல்லிருச்சு. அந்த மாடலுக்குக் கம்பெனியே அனுமதிச்ச சைஸ் எதுன்னு கையேட்டுலயும் கதவோரம் ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்லயும் இருக்கும். அதுக்குள்ள மாத்தினா மீட்டரைப் பத்தின பேச்சே வராது. தம்பி போட்டது அதுல இருக்கான்னு பாத்துட்டாரா?

நவம்பர் 17

பாக்கலையாம். சரி.

நவம்பர் 18

பெட்டியைப் பத்தி இன்னும் கொஞ்சம். கியர்பாக்ஸ் சென்சார்ல இருந்து தனி ஒயர்ல பல்ஸ் வர்ற வண்டிக்குத்தான் அது. உள்ள வர்ற பல்ஸை எண்ணி, கூட்டியோ குறைச்சோ வெளிய தள்ளும். புது வண்டிகள்ல அப்படித் தனி ஒயர் கிடையாது. பிரேக் அடிக்கறப்ப சக்கரம் பூட்டிக்காமப் பாக்கற ஏ.பி.எஸ்.ஸோட சென்சார் நாலு சக்கரத்துலயும் படிக்கறதை வேக எண்ணா மாத்தி வண்டிக்குள்ள இருக்கற கம்ப்யூட்டர் வலையில போட்டுரும், எல்லாக் கருவியும் அங்கிருந்து எடுத்துக்கும். அங்க பெட்டியைச் செருகறேன்னு யாராவது சொன்னா வண்டியை எடுத்துட்டு வந்துருங்க. பிரேக் சம்பந்தப்பட்ட சிக்னல்ல கை வெக்கறது முள்ளு ரெண்டு புள்ளி நகர்றதுக்குச் சமானமில்ல. சில ஐரோப்பியக் கம்பெனி வண்டிகள்ல டயர் சுற்றளவை ஸ்கேன் கருவியை வெச்சுக் கம்ப்யூட்டர்லயே மாத்த வழி இருக்குது. வழி இருந்தா அதுதான் முறை.

முதல் நாள் பெட்டியே கூடாதுங்கற மாதிரிதான் நினைச்சுட்டிருந்தேன். இப்ப அப்படி இல்ல. கிலோமீட்டர் கூலிக்கு வாடகை ஓட்டறவர், ஓடோமீட்டரை வெச்சே டீசல் காசு தர்ற கம்பெனியில வண்டி விட்டவர், இவங்களுக்கு 1,000 கிலோமீட்டருக்கு 41 கிலோமீட்டர் கூலி காத்துல போகுது. அவங்க மாட்டட்டும், முள்ளு கூட்டிக் காட்டறதைப் பொறுத்துக்கட்டும். தோட்டத்துக்கும் மண்டிக்கும் ஓட்டற தம்பிக்கு எதுக்கு?

"அப்பச் சின்ன டயர் போட்டா கூலி கூடுமேங்ணா?"ன்னு தனியா ஒருத்தர் கேட்டிருக்கார். எந்த ஊருன்னு சொல்லமாட்டேன்.

நவம்பர் 20

ஓடோமீட்டர் சோதிக்கக் கோயமுத்தூர் அவினாசி ரோட்டுல போன மாசம் திறந்த ஜி.டி. நாயுடு பாலம் தோதுதானே, 10.1 கிலோமீட்டர்னு எல்லாரும் சொல்றாங்களேன்னு கேள்வி. ஆசைதான். ஆனா ஏறு சரிவுல எந்த இடத்துல இருந்து எண்றீங்கங்கறதுல நூறு மீட்டர் பிசகினாலே ஒரு சதவீதம் போச்சு. நாம தேடறதே நாலு சதவீதம். நெடுஞ்சாலையில இருபது கல்லுக்கு டிரிப் மீட்டரைப் பூஜ்யம் பண்ணி ஓட்டுங்க, பத்துல ஒண்ணு தப்பினாலும் அரை சதவீதம்தான். ஒரே கல்லை நம்பாதீங்க, ரோடு அகலப்படுத்தறப்ப பிடுங்கி நட்ட கல்லு தள்ளி நிக்கும்.

நவம்பர் 23

தம்பி பெட்டி வேண்டாம்னு முடிவு பண்ணிட்டார். ஆனா புதுக் கவலை: "மைலேஜ் 14ல இருந்து 12.8க்கு வந்துருச்சு. பெரிய டயர் டீசலைக் குடிக்குது."

குடிக்கும்தான், கனம் கூடுதல்ல. ஆனா அவ்வளவு குடிக்கலைங்க. இப்பக் கிடைச்ச 12.8 கம்மியா ஓடற ஓடோமீட்டரை வெச்சுப் போட்டது, 1.0426ஆல பெருக்கினா 13.35. முன்ன கிடைச்ச 14 வழுக்கை டயர்ல கூடுதலா ஓடின ஓடோமீட்டர்ல போட்டது, நிஜம் 13.76. போனது 0.4. அதையும் ஒரே டேங்க்கை வெச்சு முடிவு பண்ணாதீங்க, டேங்க்கை நிரப்பி நிரப்பி நாலஞ்சு தரம் சராசரி பாருங்க.

சர்வீஸையும் சேத்துச் சொல்லிர்றேன். 10,000ல ஆயில் மாத்தணும்னா உங்க மீட்டர் 9,600 காட்டறப்பவே விடுங்க.

நவம்பர் 24

"ஸ்டெப்னியையும் மாத்தணுங்களா? அது பழைய 215தான் கிடக்குது."

மாத்தினா நல்லது. மாத்தற வரைக்கும் பின்னாடி மாட்டாதீங்க. பொலீரோவுக்குப் பின்சக்கரம்தான் இழுக்குது, ரெண்டு பக்கமும் வேற வேற விட்டம்னா நேர் ரோட்டுலகூட டிஃபரன்ஷியல் (வளைவுல ரெண்டு பின்சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த விடற பல்சக்கரக் கூட்டம்) சும்மா இருக்காது, விடாம உள்ள சுத்திக்கிட்டே இருக்கும். பின்டயர் பஞ்சரானா முன்டயர் ஒண்ணைக் கழட்டிப் பின்னாடி போட்டு, ஸ்டெப்னியை முன்னாடி மாட்டி, ஒரு பக்கம் இழுக்கறதைப் பாத்து மெதுவாப் பஞ்சர் கடைக்குப் போங்க. ரெண்டு தரம் ஜாக்கி போடணும், வேற வழியில்ல. ஃபோர் வீல் டிரைவ் லிவர் இருக்கற வண்டின்னா அந்த நேரத்துல அதைத் தொடாதீங்க.